கறுப்புக் கவுன் ஊதாவான கதை

அங்க தட்டாதீங்கக்கா, உள்ள ஆளு இல்ல. இரும்புக் கதவு, உங்க கைதான் வலிக்கும். நானா? பக்கத்து வூடு, சந்திரிகா. நீங்க பெர்த் அக்காதானே? பிரிஸில்லா அக்கா? பாத்ததும் தெரிஞ்சிடுச்சு லா, உங்க தம்பி சூசை அண்ணன் மூக்கு அப்படியே உங்களுக்கு. ஆனா சனிக்கெழமதானே வர்றதா அன்னமேரிகிட்ட சொல்லியிருந்தீங்க? ஓ, சர்ப்ரைஸா. நல்ல சர்ப்ரைஸ்தான்.

அவ வெளிய போயிருக்கா. நீங்க உள்ள வாங்க, இவ்வளோ பெரிய பேக்க வச்சிக்கிட்டு அஞ்சடி நடையில நின்னா போறவ வர்றவ எல்லாம் என்னான்னு கேப்பா. வாங்கக்கா. செருப்பு பரவால்ல, அப்படியே வாங்க. அந்த நாற்காலி வேணாம், ஒரு காலு ஆடும், சோபாவுல உக்காருங்க. பசியாறிட்டீங்களா? பிளேன்ல குடுத்ததெல்லாம் ஒரு சாப்பாடா? தேத்தண்ணி போடறேன், ரொட்டி இருக்கு. எதுக்கு சங்கடம்? உங்க தம்பி பொண்டாட்டிக்கு நான் யாருன்னு நெனச்சீங்க, ஒரே அஞ்சடி, ஒரே ஃபேக்டரி, ஒரே பஸ்ஸு. காலையில இருட்டோட ஜெலுத்தோங்ல ஏறி, கடல் பாலத்தைத் தாண்டி பத்து காவான் ஃபேக்டரி போய்ச் சேர்ற வரைக்கும் என் தோள்லதான் தூங்கிக்கிட்டு வருவா.

ஃபோன் அடிச்சுப் பாத்தீங்களா? எடுக்க மாட்டா. இந்த நேரத்துல எடுக்கறது கஷ்டம். தேத்தண்ணியக் குடிங்க.

ம்? மன்னிப்புக் கேக்க வந்தீங்களா. சந்தோஷம்க்கா. இல்ல, நெஜமாத்தான் சொல்றேன். நாலு வருஷம் கழிச்சு அவ்வளோ தூரத்துலேர்ந்து பிளேன் புடிச்சு வந்து மன்னிப்புக் கேக்குற மனசு எத்தனை பேருக்கு இருக்கும்? ஆனா எதுக்கு மன்னிப்புக் கேக்குறீங்கன்னு முழுசாத் தெரிஞ்சா இன்னும் நல்லாருக்கும்ல. அண்ணன் அடக்கத்த நீங்க பெர்த்லேர்ந்து கேமராவுல பாத்தீங்க. நான் அந்த ஹால்லயே நின்னேன். நான் பாத்ததையும் கேளுங்களேன். என்ன அவசரம்? லிஃப்டு வேற இன்னிக்கு ஒண்ணுதான் ஓடுது.

முதல்ல, அன்னமேரி என்ன வேல செய்யறான்னு உங்களுக்குத் தெரியுமா? கண்ணாடி கம்பெனி. சரி. என்ன கண்ணாடி? மூக்குக் கண்ணாடியா! ஐயோ அக்கா, இல்ல லா. கேமராவுக்குள்ள வைக்கிற கண்ணாடி. சுண்டு வெரல் நகத்துல பாதி இருக்கும், காயிதம் மாதிரி மெல்லிசு. கேமரா உள்ள சென்சார்னு ஒண்ணு இருக்குல்ல, அதான் படத்தப் பாக்குறது. அதுக்கு நம்ம கண்ண விடப் பார்வை ஜாஸ்தி. நமக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் இருக்காம், இன்ஃப்ரா ரெட். வெயில்ல இருக்கு, மெழுகுவத்தியில இருக்கு. நமக்குத் தெரியாதது அதுக்குத் தெரியும். தெரிஞ்சிட்டு சும்மா இருக்காது, கலரை எல்லாம் மாத்திச் சொல்லும். அதுக்கு ஒரு தடுப்பு போடணும்ல? அந்தத் தடுப்புதான் எங்க கண்ணாடி. ஃபில்டர்னு சொல்லுவோம். மனுசன் பாக்குற மாதிரி மட்டும் நீயும் பாருன்னு கேமராவுக்கு நாங்க போடற மூக்கணாங்கயிறு.

இருட்டுல பாக்குற கேமரா இருக்கு பாருங்க, வூட்டு வாசல்ல மாட்டுறது, அதுல இந்தக் கண்ணாடி நகரும். பகல்ல சென்சார் முன்னாடி வந்து நிக்கும், இருட்டுனா ஒதுங்கிக்கும். அன்னமேரி வேல அதுல கீறல் இருக்கா, பூச்சு சரியா இருக்கான்னு வெளக்குல காட்டிக் காட்டிப் பாக்குறது. தல முதல் கால் வரைக்கும் வெள்ள உடுப்பு, கண்ணு மட்டும்தான் வெளிய தெரியும். அப்படி ஒக்காந்து எத்தனை லட்சம் கண்ணாடி பாத்திருப்பான்னு கணக்கே இல்ல. இது எதுக்குச் சொல்றேன்னா, உலகத்துல எந்தப் பொம்பளைக்கு அப்படி நடந்தாலும் பரவால்ல, இவளுக்கா நடக்கணும்?

சூசை அண்ணன் செத்துப் போனது லாக்டவுன் நேரம். பார்டர் மூடிக் கெடந்துச்சு, உங்களால வர முடியல, அது உங்க தப்பு இல்ல. அங்க உங்ககூட இருக்குற அம்மா மகன் மொகத்த ஒரு தடவ பாக்கணும்னு நீங்க ஃபோன்ல அழுதீங்க. அன்னமேரிக்கு யாராச்சும் அழுதா தாங்காது. உடனே ஜெயராஜுக்குச் சொன்னா. அண்ணனோட கூட்டாளி, ஜுருவுல கார் சாமான் கடை வச்சிருக்காரே, அவரேதான். அந்த மனுசன் பாவம், கடை வாசல்ல மாட்டியிருந்த கேமராவையே கழட்டிக் கொண்டாந்து ஹாலு செவுத்துல மாட்டி, உங்களுக்கெல்லாம் லிங்க் அனுப்புனாரு. எல்லாம் நல்ல மனசோட செஞ்சது.

ஹால்ல பத்துப் பன்னெண்டு பேருக்கு மேல விடல. பொட்டியில அண்ணன். தலமாட்டுல பெரிய பெரிய மெழுகுவத்தி. பக்கத்துல ஜன்னலு, காலை வெயிலு நேரா உள்ள அடிக்குது. அங்கதான் அன்னமேரி நின்னா. பெரிய வெள்ளிக்கு கோயிலுக்குப் போடுவால்ல, அந்தக் கறுப்புக் கவுன், பாலியெஸ்டர். கடையெல்லாம் மூடியிருக்கு, வேற எங்க போயி வாங்கறது? நான்தான் அயர்ன் பண்ணிக் குடுத்தேன். கறுப்புக்கா. தாரு மாதிரி கறுப்பு.

உங்களுக்கு என்னவாத் தெரிஞ்சிச்சு? சொல்லுங்க, பரவால்ல. ஊதா. சும்மா ஊதாவா? ரோசாவும் ஊதாவும் கலந்து பளபளன்னு, கல்யாணப் பொண்ணு கூட நிக்கிற புள்ளைங்க போடுவாங்களே, அந்தக் கலரு. ஜெயராஜு கேமராவுல அந்தக் கண்ணாடி நகராம ஓரத்துல ஒட்டிக்கிச்சு. வெயிலும் மெழுகுவத்தியும் அவ மேல அடிச்சதுல கறுப்பு ஊதாவாயிடுச்சு. என் கறுப்புச் சட்ட காட்டன், நான் உள்ள இருட்டுல நின்னேன், நான் கறுப்பாத்தான் தெரிஞ்சேன். யாரு புருசனப் பறிகுடுத்தாளோ அவ மட்டும் ஜெகஜோதியா நிக்கிறா.

ஆனா அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அண்ணன் மேல போட்ட மாலையில இலையெல்லாம் அன்னிக்கு வெளுத்துப் போயி பஞ்சு மாதிரி தெரிஞ்சிச்சு. நான் அந்த வீடியோவ அப்புறம் பாத்தேன். வெள்ளக் கலர்ல இலை! உலகத்துல எங்க இருக்கு? அதப் பாத்து ஒருத்தராச்சும், ஏன் இலை வெள்ளையா இருக்குன்னு கேக்கலாம்ல? கேக்கல. எல்லாரும் விதவையத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்க.

ஃபாதர் ஜெபம் முடிக்கறதுக்குள்ள உங்க குடும்பக் குரூப்புல மெசேஜ் வந்துடுச்சு. அன்னமேரி என்ன டிரஸ்ஸு போட்டிருக்கான்னு நீங்கதான் முதல்ல எழுதுனீங்க. கேள்விதான் கேட்டீங்க, ஒத்துக்கறேன். அதுக்கப்புறம் சிரம்பான்ல ஒரு அத்தை, ஈப்போவுல ஒருத்தரு, அவுங்களே பதில் சொல்லிக்கிட்டாங்க. புருசன் போனது நிம்மதி போல. சீக்குக்காரனப் பாத்து அலுத்துப் போச்சு போல. அவ பொட்டிகிட்ட நிக்கிறா, அவ ஃபோனு என் கையில. படிச்சிட்டு நான் கொண்டுபோயி அரிசி டின்னுக்குள்ள போட்டு மூடிட்டேன்.

அவளுக்கு எப்பத் தெரிஞ்சிச்சா? அன்னிக்குச் சாயங்காலம். வீடியோவ ஒரு செகண்டு பாத்தா. பாத்ததும் என்ன சொன்னா தெரியுமா? ஏய், ஃபில்டர் ஒட்டிக்கிச்சுடின்னா. டாக்டர் எக்ஸ்ரே பாத்த மாதிரி. ஒடனே உங்களுக்கு ஃபோன் போட்டா, நான் பக்கத்துலதான் இருந்தேன். அண்ணி, அது கேமராவுல ஃபில்டர் பிரச்சனன்னு சொன்னா. நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா? என் தம்பி சாவுல ஃபில்டர் போட்டு வெளையாடுறியான்னு கேட்டீங்க. நீங்க நெனச்சது ஃபோன்ல மூஞ்சிய வெள்ளையாக்குற ஃபில்டரு.

நான் வுடுவேனா? என் ஃபோன்ல எடுத்த படத்த எல்லாம் அனுப்பச் சொன்னேன். அதுல கவுன் கறுப்பாத்தானே இருக்கு. அனுப்புனா. நீங்க பதில் போட்டீங்க, இப்ப ஃபில்டர் போட்டுக் கறுப்பாக்கிட்டியான்னு. அக்கா, நான் அன்னிக்கு இந்த சோபாவுல உக்காந்து சிரிச்சேன். எழவு வூடுன்னுகூடப் பாக்காம சிரிச்சேன். ஃபில்டர் வேல செய்யாததுனால வந்த வினை, ஃபில்டர் போட்டதா ஆயிடுச்சு. அவ சோத்துக்கே அந்த ஃபில்டர்தான். இதுக்கு மேல என்னத்த வெளக்கறது? ராத்திரிக்கே அவள குரூப்புலேர்ந்து தூக்கிட்டீங்க.

ரொட்டி எடுத்துக்குங்க. ஏன் வச்சிட்டீங்க?

ஒரு வாரம் கழிச்சு ஜெயராஜு அழாத கொறையா வந்தாரு. என்னாலதான் இப்படி ஆச்சுன்னு கேமராவ மேசையில வச்சிட்டுப் போயிட்டாரு. அன்னமேரி சின்ன ஸ்குருடிரைவர் எடுத்துக் கழட்டுனா. உள்ள அந்தத் துளியூண்டு கண்ணாடி ஓரத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது, ஏதோ பசை கசிஞ்சிருக்கு. எங்க பிளாண்டுது இல்ல, மட்ட சாமான்னு மொத வேலையா அதப் பாத்துச் சொன்னா. அந்த நேரத்துலயும் கம்பெனி மானம் அவளுக்கு! அப்புறம் பல்லுக்குச்சியால லேசாத் தள்ளுனா. டிக்குன்னு ஒரு சத்தம். கவுன ஜன்னல்ல மாட்டி, அந்தக் கேமரா காட்டுறத என் ஃபோன்ல பாக்குறோம், கறுப்பு. திரும்பத் தள்ளுனா, ஊதா. கறுப்பு, ஊதா, கறுப்பு, ஊதா. ரெண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கல. வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிக்கிறோம். சிரிச்சுக்கிட்டே இருந்தவ அப்படியே மேசையில தலைய வச்சு அழ ஆரம்பிச்சா பாருங்க. அடக்கம் அன்னிக்குக்கூட அழல. அவரு போயி மொத தடவயா அன்னிக்குத்தான் அழுதா.

நான் அத வீடியோ எடுத்து வச்சிருந்தேன். அழுததை இல்லக்கா, கவுன் கலரு மாறுறதை. அனுப்பட்டான்னு கேட்டேன். வேணாம்னு சொன்னா. அப்புறம் பாக்கலாமாம்.

அப்புறம் வந்துச்சு கல்லறைத் திருநாள். நீங்க அங்கேர்ந்தே ஆளு புடிச்சு அண்ணன் கல்லறைக்கு மார்பிள் போட்டீங்கல்ல, வெஸ்டர்ன் ரோட்டுக் கல்லறைத் தோட்டத்துல? நல்ல மார்பிள்தான். இவளுக்குத் தகவல் இல்ல. பூவும் மெழுகுவத்தியும் எடுத்துக்கிட்டு, நானும் கூடப் போனேன். கல்லுல அழகா எழுதியிருக்கு. அன்பு மகன். அன்புச் சகோதரன். அன்பு மாமா. நான் கீழ வரைக்கும் படிச்சேன். பின்னாடி போயும் பாத்தேன், வுட்டுப் போச்சோன்னு. அன்புக் கணவன் இல்ல.

கல்லு வெட்டுறவரு மறந்துட்டாரா? சரி, நீங்க சொன்னா சரி.

அவ புல்லப் புடுங்குனா, மெழுகுவத்திய கொளுத்துனா, அது அணையாம இருக்க கையால மறச்சிக்கிட்டு நின்னா. எனக்குத்தான் ஒடம்பெல்லாம் பத்திக்கிட்டு வருது. இப்பவே அந்த வீடியோவ எல்லாருக்கும் அனுப்புறேன் பாருன்னேன். அப்ப சொன்னா. கறுப்பு போட்டேன்னு நிரூபிச்சாத்தான் நான் அவரு பொண்டாட்டியா, சந்திரிகா?

சாகறதுக்கு முன்னாடி நாலு வருஷம் அண்ணன் படுக்கையில கெடந்தாரு. ஒரு பக்கம் கை கால் வராது, பேச்சு வராது. இவ ஷிஃப்டு முடிஞ்சு வந்து தொடச்சு, ஊட்டி, திருப்பிப் படுக்க வச்சு, மறுபடி இருட்டோட பஸ்ஸு. அந்த நாலு வருஷத்துல எந்தச் சொந்தமும் லிங்க் கேக்கலக்கா. கேட்டிருந்தா ஜெயராஜு அப்பவே கேமரா மாட்டிக் குடுத்திருப்பாரு.

இந்தாங்க டிஷ்யூ. நான் அழ வைக்கிறதுக்குச் சொல்லல, பேச்சு வாக்குல வருது.

உங்க வூட்டுல நடந்ததையும் அவ சொன்னா. அம்மா படுத்த படுக்கையாயிட்டாங்கன்னு ரூம்ல கேமரா மாட்டுனீங்களாம். போன மாசம் உங்க வூட்டுக்காரரு, அத்தான், யாரோட சாவுக்கோ போயிட்டு கறுப்புக் கோட்டோட அம்மா ரூம்ல வந்து நின்னாராம், நீங்க வேல எடத்துலேர்ந்து ஃபோன்ல பாத்தா மனுசன் ரோசாக் கலருக் கோட்டு போட்டுக்கிட்டு நிக்கிறாரு! சிரிக்கக் கூடாதுதான், மன்னிச்சுக்குங்க. அந்தக் கண்ணாடிக்குப் பாருங்க, சாமி கண்ணு. இங்கேர்ந்து அங்க வரைக்கும் வந்து ஒட்டிக்கிட்டிருக்கு. அத்தான மட்டும் யாரும் குரூப்புலேர்ந்து தூக்கலல்ல?

அன்னிக்கு ராத்திரியே நீங்க ஃபோன் பண்ணி அழுதீங்க. தப்புப் பண்ணிட்டேன் அன்னமேரி, தப்புப் பண்ணிட்டேன்னு. இவளும் அழுதா. அழுது, பரவால்ல அண்ணி, பரவால்லன்னு சொல்லிச் சொல்லி உங்களத் தேத்துனா. அதோட ஃபோன வச்சிருந்தீங்கன்னா, அக்கா, நான் இன்னிக்கு உங்களுக்கு நாசி லெமாக்கு வாங்கிப் போட்டு கொண்டாடியிருப்பேன்.

வைக்கல. அப்படியே அம்மா பேச்சு வந்துச்சு. பாத்துக்க வர்ற ஆளுங்க நிக்க மாட்டேங்கறாங்க, அம்மா யாரையும் தொட வுட மாட்டேங்கறாங்க, உனக்குத்தான் படுக்கையில கெடக்கறவங்களப் பாத்துப் பழக்கமிருக்கே, உனக்கும் அங்க யாரு இருக்கா, இங்க ரூம் ரெடியா இருக்கு, நானே வந்து கூட்டிட்டுப் போறேன். ஊதாக் கவுன் போட்டவள அம்மா பக்கத்துல சேக்க மாட்டீங்க. கறுப்புன்னு தெரிஞ்சதும் அம்மாவயே தூக்கிக் குடுக்கறீங்க. பெரிய கௌரவம்தான்.

நான் தப்பா பேசுறேனா? இருக்கலாம். உங்க அம்மா பாவம், வயசானவங்க, அவுங்க மேல எனக்கு என்ன கோவம்? ஆனா நீங்க வச்சதுக்கப்புறம் அவ ஃபோன கையிலயே புடிச்சிக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தா.  போவணுமா உனக்குன்னு கேட்டேன். தல ஆட்டுனா, வேணாம்னு. அப்ப முடியாதுன்னு சொல்லேன்டின்னா, வாய் வராது சந்திரிகா, அண்ணி அழுவாங்கங்கறா. அதான் அவ. யாராச்சும் எதிர்ல நின்னு அழுதா, தன் கழுத்தையே கழட்டிக் குடுத்துடுவா.

மணி என்னக்கா பாக்குறீங்க? ஆமா, நேரமாச்சு.

நோர்மான்னு எங்க சூப்பர்வைசர் ஒருத்தி. தைவான்ல எங்க பெரிய பிளாண்டு இருக்கு, கண்ணாடிக்குப் பூச்சுப் போடுறது அங்கதான். ரெண்டு வருஷம் அங்க போயி அந்த வேலையக் கத்துக்கிட்டு வா, இங்க புதுசா தொடங்குற பூச்சு லைனு உன் கையிலன்னு அன்னமேரிய அண்ணன் இருக்கும்போதே கேட்டா. எப்படிப் போவா? அண்ணன் போனப்புறம் மறுபடி கேட்டா. அப்ப, வூட்டுல அவரு படம் தனியா இருக்கும்னு ஒரு காரணம் சொன்னா. நீங்க ஃபோன் பண்ணீங்கல்ல, அதுக்கு மறுநாள் காலையில பஸ்ஸ வுட்டு எறங்குனதும் நேரா நோர்மாகிட்ட போயி, நான் போறேன்னு சொல்லிட்டா. நானே அசந்துட்டேன்.

உக்காருங்கக்கா. எதுக்கு எந்திரிக்கிறீங்க? இனிமே கிராப்பு டாக்சி புடிச்சும் பிரயோசனம் இல்ல. இப்பத்தான் மெசேஜ் வந்துச்சு, பாருங்க. பிளேன்ல ஏறிட்டாளாம், ஜன்னல் சீட்டாம், ஃபோன அணைக்கச் சொல்றாங்களாம்.

நீங்க சனிக்கெழம வருவீங்கன்னு வியாழக்கெழமையா பாத்துத்தான் டிக்கெட்டு எடுத்தா. நீங்க சர்ப்ரைஸா இன்னிக்கே வந்து நின்னா அவ என்ன செய்வா? காலையில பேக்க தள்ளிக்கிட்டு ஏர்ப்போர்ட்டு வாசல்ல கிராப்புக்கு நின்னீங்கல்ல? அப்ப அவ மேல மாடியில, கண்ணாடி ஓரமா நின்னு உங்களப் பாத்துட்டா. ஒடனே எனக்கு ஃபோன்.  அண்ணி வந்துட்டாங்கடி, கண்ணத் தொடச்சிக்கிட்டு நிக்கிறாங்க, கீழ எறங்கிப் போயிடுவேன் போலிருக்குடிங்கறா. எறங்குனா கால ஒடச்சிடுவேன்னேன். அப்ப வூட்டுக்கு வருவாங்க, நான் இல்லன்னு தெரிஞ்சா நேரா இங்க ஏர்ப்போர்ட்டுக்கே திரும்பி வந்துடுவாங்க, நீ உள்ள உக்கார வச்சு பேசிக்கிட்டே இரு, எதையாச்சும் பேசு, உனக்குத்தான் பேச வரும்லன்னா.

அதான் பேசுனேன்.

அங்க எறங்கி ஒரு நாள் தூங்கி எந்திரிச்சு உங்களுக்கு ஃபோன் பண்ணுவா, நான் பண்ண வைக்கிறேன். கோவமெல்லாம் அவளுக்கு இல்லக்கா, அதுல நீங்க பயப்படவே வேணாம். மன்னிச்சு எத்தனையோ நாளாச்சு.

ஐயோ, அழாதீங்க. நெஜமாத்தான் சொல்றேன், எங்கிட்ட அழுது ஒண்ணும் ஆவாது. எனக்கு முடியாதுன்னு சொல்ல நல்லாவே வரும்.